தாள் எரிந்த நாட்டில் கல் சொல்வது



1922 ஜூன் 30 அன்று டப்ளின் நகரில், லிஃபி ஆற்றங்கரையில் நிற்கும் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்துச் சிதறியது. அயர்லாந்தின் உள்நாட்டுப் போர் தொடங்கி அது மூன்றாம் நாள். அந்த வளாகத்துக்குள்தான் நாட்டின் பொது ஆவணக் காப்பகம் இருந்தது. பல நூற்றாண்டுகளின் உயில்கள், நீதிமன்றச் சுருள்கள், 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எழுதிய மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் ஆகியவற்றில் மிகப் பெரும்பகுதி அன்று சாம்பலானது. கருகிய காகிதத் துண்டுகள் காற்றில் பறந்து பல மைல் தள்ளிப் போய் விழுந்தன.

1841-இல் அந்தத் தீவில் 81 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன் எடுத்த கடைசிக் கணக்கு அது. மொத்த எண்ணிக்கை அச்சிட்ட அறிக்கைகளில் தங்கிவிட்டது. எந்த வீட்டில் யார் இருந்தார், பெயர் என்ன, வயது என்ன என்பதைச் சொன்ன தாள்கள் போய்விட்டன. 1861, 1871 கணக்குகளின் தாள்களை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. ஆகவே நாடு முழுமைக்கும் ஊர்வாரியாக, பெயர்வாரியாக இன்று கையில் கிடைக்கிற மிகப் பழைய கணக்கு 1901-ஆம் ஆண்டினுடையது.

இந்த இழப்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அயர்லாந்தின் நாட்டுப்புறக் கல்லறைகளைப் பார்க்க வேண்டும். மற்ற நாடுகளில் கல்லறைக் கல்வெட்டு ஆவணங்களுக்குத் துணைச் சான்று. அயர்லாந்தின் குத்தகை விவசாயிக்கு அது பல நேரங்களில் ஒரே சான்று.

கோவில் பதிவேடுகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே இரண்டு திருச்சபைகளின் கதை இரண்டு விதமாகப் போயிற்று. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபை 1871 வரை அரசுத் திருச்சபையாக இருந்தது. அதனால் அதன் பழைய பதிவேடுகளை அரசு தன் ஆவணங்களாகக் கருதியது. பாதுகாப்பாக வைக்க வழியில்லாத பங்குகள் அவற்றை டப்ளின் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பியவையே எரிந்தன. பாதிக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகள் அப்படிப் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குத்தந்தையர் வீட்டு அலமாரிகளில் கிடந்ததால் தப்பித்தன. ஆனால் நாட்டுப்புறத்தில் அவற்றில் பல 1820-க்குப் பிறகே தொடங்குகின்றன. தொடங்கிய பிறகும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும்தான் எழுதினார்கள். அடக்கத்தை எழுதிய பங்குகள் குறைவு. அரசு எல்லா மதத்தாரின் பிறப்பு இறப்புகளையும் பதியத் தொடங்கியது 1864-இல். அதற்கு முன் இறந்த ஒரு கத்தோலிக்க உழவர் எந்த நாளில் இறந்தார் என்று தெரிய வேண்டுமானால், அவர் பிள்ளைகள் ஒரு கல் நட்டிருக்க வேண்டும்.

அந்தக் கல் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே நாம் பழகிய முறையில் கத்தோலிக்கருக்கு ஒரு கல்லறைத் தோட்டம், சீர்திருத்த சபையாருக்கு ஒன்று என்று இருக்கும். அயர்லாந்தின் பழைய பங்குகளில் அந்தப் பிரிவு பிற்காலத்தது. இடைக்காலத்தில் கட்டிய கற்கோவில்கள் மதச் சீர்திருத்தத்தோடு அரசுத் திருச்சபையின் கைக்குப் போயின. கும்பிட ஆளில்லாமல் பல கோவில்களின் கூரை விழுந்தது. ஆனால் சுற்றியுள்ள இடுகாட்டில் முன்னோர்கள் கிடந்தார்கள். அதனால் கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்த இடிபாட்டைச் சுற்றியே தொடர்ந்து அடக்கம் செய்தன. கைவிடப்பட்ட மடங்களில் யாரையும் அடக்கம் செய்யக்கூடாது என்று 1697-இல் ஒரு சட்டமே வந்தது; மக்கள் அதையும் மீறினார்கள். நிலத்தைப் பறிக்கலாம், கோவிலைப் பறிக்கலாம், தாத்தாவின் பக்கத்தில் படுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் ஒப்பவில்லை. அப்படித்தான் ஒரே மதிலுக்குள், தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக, உயிர்த்தெழும் நாளில் சூரியனைப் பார்த்து எழ வேண்டும் என்ற நம்பிக்கையோடு, இரு சபையாரும் அருகருகே கிடக்கிறார்கள்.

இனி கல்லில் என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம். சாதாரணக் குடும்பங்கள் கல் நடத் தொடங்கியது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டில்தான். எழுத்து வாய்பாடு எளிமையானது. இன்னார் உடல் இங்கே கிடக்கிறது, இன்ன நாளில் இவ்வாழ்வை நீத்தார், வயது இவ்வளவு. இறந்தவர் பெயருக்கு முன்பே கல் நட்டவர் பெயர் வருவதும் உண்டு: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், தன் தகப்பனார் நினைவாக எழுப்பியது. அந்த 'இன்ன ஊர்' என்ற இடம்தான் ஆய்வாளருக்குப் புதையல். அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவுக்கு டவுன்லாண்ட் என்று பெயர். 60,000-க்கும் மேற்பட்டவை உண்டு. சிலவற்றில் நாலைந்து வீடுகள்தான் இருக்கும். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் பேரப்பிள்ளைக்குக் 'கார்க்' என்றோ 'மேயோ' என்றோ ஒரு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயர் மட்டும் தெரிந்திருக்கும். கல்லில் டவுன்லாண்ட் பெயர் கிடைத்துவிட்டால், 1823-க்கும் 1837-க்கும் இடையே எழுதிய தசமபாக வரிப் புத்தகங்களையும், 1847-க்கும் 1864-க்கும் இடையே வெளிவந்த கிரிஃபித் என்ற அதிகாரியின் நில மதிப்பீட்டையும் திறந்து, அந்தக் குடும்பம் எந்த வயலை எவ்வளவு குத்தகைக்கு வைத்திருந்தது என்பது வரை போய்விடலாம். எரியாத ஆவணங்கள் இவை. ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதைக் கல்தான் சொல்கிறது.

பெண்களின் பெயரை எழுதிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. பல கற்களில் மனைவியின் பெயருக்குப் பின் கணவனின் குடும்பப் பெயர் வரும். அதையடுத்து 'அலையஸ்' என்று போட்டு அவள் பிறந்த வீட்டுப் பெயரும் வரும். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் காவல் நிலையம் நினைவுக்கு வரும். அன்று அதில் அப்படி ஒரு வாடையும் இல்லை; கல்யாணமாகி ஐம்பது ஆண்டு ஆனாலும் ஊர் அவளை அப்பா வீட்டுப் பெயராலேயே அழைத்தது, கல்தச்சன் அதை எழுதினான், அவ்வளவுதான். பதிவேடும் கணக்குத் தாளும் இல்லாத காலத்தில் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் கொண்டன என்பதற்கு அந்த ஒற்றைச் சொல் சாட்சி.

வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பிறப்புப் பதிவு இல்லாத நாட்டில் வயது ஒரு மதிப்பீடு. கல் பல நேரங்களில் இறந்து இருபது முப்பது ஆண்டு கழித்து, அயல்நாட்டிலிருந்து ஒரு மகன் பணம் அனுப்பிய பிறகு நடப்பட்டிருக்கும். இந்த வயதுக் குழப்பம் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1909-இல் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கினார்கள். அதன்பின் 1911 கணக்கைப் பார்த்தால், 1901-க்குப் பிறகு பத்து வயதுக்கும் மேல் கூடியவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்! கல்லில் உள்ள வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது ஐந்தாறு ஆண்டு இடம் விடுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் கற்களை நட்டவர்கள் என்ன மொழி பேசினார்கள்? மேற்கிலும் தெற்கிலும் பெரும்பாலோர் பேசியது ஐரிஷ். மொழியைப் பற்றி முதன்முதலாகக் கேட்ட 1851 கணக்கில், பஞ்சம் அத்தனை பேரைக் கொண்டுபோன பிறகும், 15 லட்சம் பேர் ஐரிஷ் பேசுவதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த ஊர்களின் 18, 19-ஆம் நூற்றாண்டுக் கற்களைப் பாருங்கள்: ஏறத்தாழ எல்லாம் ஆங்கிலம். எழுதப் படிக்கக் கற்ற மொழி ஆங்கிலம், கல்தச்சன் அறிந்த எழுத்து ஆங்கிலம், மதிப்பு என்று ஊர் கருதியதும் ஆங்கிலம். வாழ்நாளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசாத கிழவியின் கல் ஆங்கிலத்தில் நிற்கிறது.

இதை ஒரு மனிதரின் கதையால் சொல்கிறேன். கார்க் கவுண்டியில் கில்கிரீ என்ற இடத்தில் பிரான்சிஸ்கன் மடம் ஒன்றின் இடிபாடு இருக்கிறது, 1465-இல் நிறுவியது. அதற்குள் ஆர்ட் ஓ லேரி என்பவரின் கல்லறை உண்டு. ஆஸ்திரியப் பேரரசின் ஹங்கேரியக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய கத்தோலிக்க இளைஞர். ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரையைக் கத்தோலிக்கர் எவரும் வைத்திருக்கக்கூடாது என்பது அக்காலச் சட்டம். யாராவது ஐந்து பவுண்டை நீட்டினால் கொடுத்துவிட வேண்டும். ஆப்ரஹாம் மாரிஸ் என்ற நீதிபதியோடு ஆர்ட்டுக்குப் பகை மூண்டது. மாரிஸ் அவருடைய குதிரையை அந்த விலைக்குக் கேட்டார், ஆர்ட் மறுத்தார் என்பது ஊர் வழங்கும் வரலாறு. 1773 மே 4 அன்று காரிகனிமா என்ற ஊரருகே படைவீரர்கள் அவரைச் சுட்டார்கள். வயது 26.

அவர் மனைவி எலின் துவ் நி ஹொனில் அவருக்காக ஐரிஷ் மொழியில் பாடிய ஒப்பாரி இன்று அந்த மொழியின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அது எழுதப்பட்ட படைப்பு அல்ல. இறந்த உடலின் முன் நின்று பாடியது. பிறகு வாய் வழியாகவே நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பாரி பாடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மூதாட்டியிடம் கேட்டு எழுதிய பிறகுதான் அது தாளுக்கு வந்தது. கில்கிரீயில் கல்லறை மேல் இருப்பது என்ன? அளவான ஆங்கிலச் செய்யுள். அவர் அழகையும் வீரத்தையும் கொடைக் குணத்தையும் அது மெச்சுகிறது. இளமையில் கொல்லப்பட்டார் என்றும் சொல்கிறது. யார் கொன்றார் என்று சொல்லவில்லை. பெயரே அங்கே 'ஆர்தர் லேரி' ஆகிவிட்டது. ஒப்பாரியோ கொன்றவனைப் பெயர் சொல்லிச் சபிக்கிறது. அந்த வீட்டின் சோகம் முழுவதையும் அறிய இரண்டும் நமக்கு வேண்டும். கல் நாளையும் வயதையும் தருகிறது. கல்லுக்குப் பின்னால் ஒரு குரல் இருந்தது என்பதை மறந்து கல்லை மட்டும் வாசிக்கிறவர், அந்த ஊரே ஆங்கிலத்தில் அழுதது என்று நினைத்துவிடுவார்.

இத்தனைக்கும் கல்லில் ஐரிஷ் எழுதும் மரபு அங்கே மிகப் பழையது. ஏறத்தாழ 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை, செங்குத்துக் கல்லின் விளிம்பில் கோடுகளாக வெட்டிய ஓகம் எழுத்து, கீழிருந்து மேலாக, இன்னாரின் மகன் இன்னார் என்று ஐரிஷின் மிகப் பழைய வடிவில் சொன்னது. தெற்கே கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட் கவுண்டிகளில் அவை மிகுதி. அதன்பின் ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்னாய்ஸ் மடத்தில், சிலுவை வரைந்த படுக்கைக் கற்களில், இன்னாருக்காக ஒரு ஜெபம் என்று மட்டும் ஐரிஷில் எழுதினார்கள். 600-க்கும் மேற்பட்ட கற்களும் துண்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. மேற்கு ஐரோப்பாவின் எந்த மூலையிலும் ஓரிடத்தில் அத்தனை இல்லை. நாளும் இல்லை, வயதும் இல்லை, பதவியும் பெரும்பாலும் இல்லை. வாசிக்கிறவன் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று எழுதினார்கள். பிறகு நார்மன் பிரபுக்களோடு இலத்தீன் வந்தது, அதன்பின் ஆங்கிலம். ஐரிஷ் மீண்டும் கல்லுக்குத் திரும்பியது, 1893-இல் கேலிக் லீக் தொடங்கி மொழியுணர்வு ஊருக்கு ஊர் பரவிய பிறகு.

எழுத்தை விட்டுவிட்டுச் சிற்பத்துக்கு வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் விக்லோ, வெக்ஸ்ஃபோர்ட் எல்லையில் மொனாசீட் என்ற ஊரில் டெனிஸ் கல்லன் என்ற கல்தச்சர் இருந்தார். சிலுவைப்பாட்டுக் காட்சிகளைக் கல்லறைக் கல்லின் நெற்றியில் செதுக்கித் தன் பெயரையும் பொறித்தவர். பெரிய சிற்பப் பயிற்சி எதுவும் அந்த உருவங்களில் தெரியாது, பக்தி தெரியும். அக்காலக் கத்தோலிக்கக் கற்களில் ஆண்டவரின் பாடுகளைக் குறிக்கும் பொருள்கள் வரிசையாக இருக்கும்: சுத்தியல், குறடு, ஆணி, ஏணி, பகடைக்காய். கூடவே ஒரு பானையும் அதிலிருந்து எழும் சேவலும். யூதாசின் வீட்டில் சேவல் கொதித்துக்கொண்டிருந்ததாம். இந்தச் சேவல் உயிர்த்தாலல்லவா அவர் உயிர்ப்பார் என்று அவன் மனைவி சொன்னாளாம். உடனே அது பானையிலிருந்து எழுந்து, கன்னியின் மகன் நலமாயிருக்கிறார் என்று கூவியதாம். வேதாகமத்தில் இல்லாத கதை. கோவில் கட்டவும் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் அந்த மக்களின் மறைக்கல்வி இப்படிக் கல்லில் நடந்திருக்கிறது. வடக்கே மொனகன் கவுண்டியில் குளோனிஸ் இடுகாட்டில் மண்டையோடு, குறுக்கு எலும்புகள், மணி, சவப்பெட்டி, மணற்கடிகாரம் என்று வேறொரு படவரிசை இருக்கிறது.

அயர்லாந்துத் திருச்சபைக் கோவில்களின் உட்சுவரில் உள்ள பளிங்கு நினைவுப் பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நிலப்பிரபுக் குடும்பங்களின் பெயர்கள். கிரிமியாவிலும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இறந்த அதிகாரிகளின் பெயர்கள். கூரைக்குள் இருப்பதால் அவை அழியாமல் இருக்கின்றன. அவர்களைப் பற்றி வேறு நூறு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. என் கவலை மழையில் நிற்கும் கற்களைப் பற்றியது.

அந்தக் கவலை முதலில் வந்தவர்களில் ஒருவர் கார்லோ கவுண்டியைச் சேர்ந்த கர்னல் பிலிப் டாய்ன் விகர்ஸ். ஓய்வுபெற்ற படை அதிகாரி. கற்கள் உடைந்து சாலைக்கும் சுவருக்கும் போவதைக் கண்டு, 1888-இல் இறந்தோர் நினைவுச் சின்னங்களைக் காக்கும் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் இதழ் 1934 வரை வெளிவந்தது. குருக்களும் கனவான்களும் தங்கள் பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து அனுப்பினார்கள். அவர்கள் படித்த கற்களில் பல இன்று வெறும் கல். இதழில்தான் எழுத்து இருக்கிறது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தே எழுதினார்கள். முக்கியமான குடும்பம், அழகான சிற்பம், விசித்திரமான செய்யுள் என்று பொறுக்கினார்கள். பக்கத்தில் நின்ற குத்தகைக்காரரின் கல்லைத் தாண்டிப் போனார்கள். 1966 முதல் டவுன் கவுண்டியின் கல்லறைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ஆர். எஸ். ஜே. கிளார்க், பெல்ஃபாஸ்டில் மயக்க மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். அவர் இடுகாடு இடுகாடாகப் போய் முறையாகப் பழைய கற்களைப் பதிந்தார். இப்போது ஊர்மக்களே பயிற்சி பெற்று, வரைபடம் போட்டு, ஒவ்வொரு கல்லையும் இருப்பிடக் குறியீட்டோடு ஒளிப்படம் எடுக்கிறார்கள். அந்த வேலைக்குத் தலைவணங்குகிறேன்.

இங்கே கல்வெட்டுத் துறையில் படிக்கும் பிள்ளைகள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். நம் கருங்கல்லில் பிரஷ்ஷை ஓங்கித் தட்டி மைப்படி எடுத்துப் பழகிய கை அந்தக் கற்களில் அப்படிப் போகக்கூடாது. மணற்கல் தாள்தாளாக உரியும். சுண்ணாம்புக்கல்லை மழை கரைக்கும். சிலேட்டுக் கல்தான் 250 ஆண்டுக்குப் பிறகும் நேற்று வெட்டியதுபோல் நிற்கும். கல்லின் மேல் படர்ந்திருப்பது பெரும்பாலும் நம் மசாலாவில் போடுகிற கல்பாசியின் இனம். அதைச் சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து வரும். கம்பித் தூரிகை, பிளீச்சிங், சாக்கட்டி எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சம் போதும். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தால், பகலில் வழவழப்பாகத் தெரிந்த முகத்தில் எழுத்து எழுந்து நிற்கும். தொல்லியல் சின்னங்களாகப் பதிவான இடங்களில் எந்த வேலைக்கும் இரண்டு மாதம் முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று 1994 சட்டத் திருத்தம் வகுத்தது. கற்களை அழித்தவர்கள் தீயவர்கள் மட்டுமல்லர். நல்ல எண்ணத்தோடு இடுகாட்டைச் 'சுத்தம்' செய்தவர்களும் சேர்ந்து நிறைய அழித்திருக்கிறார்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று அவர்கள் பிடுங்கிப் போட்டது பெரும்பாலும் எழுத்தில்லாத சிறு கற்களை.

அந்தக் கற்களுக்காகத்தான் இன்று நான் பேச ஒப்புக்கொண்டேன். கல்தச்சனுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் வயலிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டார்கள். பல பழைய இடுகாடுகளில் எழுதிய கற்களைவிட இவையே அதிகம். இவற்றுக்கும் கீழே இன்னொரு படி உண்டு. 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். மேற்குக் கார்க்கில் ஸ்கிபரீன் அருகே ஆபிஸ்ட்ரூரி இடுகாட்டின் பஞ்சக்குழிகளில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் கிடக்கிறார்கள். ஆளுக்கொரு கல் இல்லை. சவப்பெட்டியும் பலருக்கு இல்லை. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுக்களைப் புனிதப்படுத்திய மண்ணில் புதைக்கக்கூடாது என்ற வழக்கத்தால் ஏற்பட்ட சில்லீன் என்ற தனி இடங்களும் உண்டு. எல்லைக் கரையிலும், பாழடைந்த மண்கோட்டைக்குள்ளும், கடலோர மேட்டிலும், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட, தகப்பன்மார் இருட்டில் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். மேலே ஒரு சிறு கல், சில இடங்களில் வெண்கூழாங்கற்கள். அந்தத் தாய்மாருக்கு வருந்தும் உரிமையையும் சேர்த்து மறுத்த வழக்கம் அது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அண்மைப் பத்தாண்டுகளில் ஊர்மக்களே அந்த இடங்களைத் தேடிக் கண்டு, வேலியிட்டு, நினைவுக்கல் நட்டு, குருவை அழைத்து ஆசீர்வதிக்கிறார்கள்.

கல் வேண்டாம் என்று தாமே சொல்லிப் போனவர்களும் உண்டு. டவுன் கவுண்டியில் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் 1867-இல் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் 1951-இல் இறந்தார். தன் குழியின் மேல் கல் வைக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மா' என்று பொறித்தார்கள். அது அவர் தேர்வு. ஸ்கிபரீன் குழிகளில் கிடப்பவர்களுக்கு அப்படி ஒரு தேர்வு இருந்ததில்லை.

ஆகவே இன்று ஒரு பங்கின் இடுகாட்டைப் பதிய இறங்குகிறவர், எழுத்துள்ள கல்லுக்கு எண் கொடுப்பதுபோலவே எழுத்தில்லாத கல்லுக்கும் எண் கொடுக்கிறார். இடத்தைக் குறிக்கிறார், படம் எடுக்கிறார். அது யாருடையது என்பதைக் கல் சொல்லாது. ஊரில் சிலருக்குத் தெரியும். அவர்களைப் பிடிக்க நல்ல நாள் கோடையில் வரும் கல்லறை ஞாயிறு. அன்று குரு வந்து எல்லாக் கல்லறைகளையும் மந்திரிப்பார். வெளியூர் போன பிள்ளைகளும் திரும்பி வந்து, அவரவர் குடும்பத்தார் கிடக்கும் இடத்தருகே நிற்பார்கள். எழுத்தில்லாத கல்லின் பக்கத்திலும் ஆட்கள் நிற்பார்கள். பூசை முடிந்ததும் வரைபடத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய், நீங்கள் யார் வீடு, உங்கள் காலடியில் இருப்பவர் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதலாம்.